பாக்கைக் குற்றம் சாட்ட என்ன ஆதாரம்?

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது. கல்யாணமான நாளிலிருந்து சாப்பாட்டுக்குப் பின் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு போடுகிறவர். புகையிலையைத் தொட்டதே இல்லை. சென்ற மாதம் பல் எடுக்கப் போனபோது, இடது கன்னத்தின் உட்புறம் வெள்ளைத் திட்டு ஒன்று இருப்பதாகவும், பாக்கை உடனே நிறுத்த வேண்டும் என்றும் பல் மருத்துவர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் வாக்குவாதம். “உன் பாட்டி 92 வயது வரை போட்டாளே, அவளுக்கு என்ன வந்தது?” என்கிறார் அம்மா. கெடுதல் புகையிலையில்தான், பாக்கில் இல்லை என்கிறார் மாமா. புள்ளியியல் படித்த தம்பியோ, “இரண்டு விஷயங்கள் சேர்ந்து காணப்பட்டால் ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடுமா? பாதிப் பேருக்குப் பாக்குக் கொடுத்து, மீதிப் பேருக்குக் கொடுக்காமல் யாராவது சோதித்தார்களா?” என்று கேட்கிறான். வெற்றிலை புற்றுநோயைக் கொல்லும் என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தி வேறு. ஒன்றை நோய்க்குக் காரணம் என்று நீங்கள் எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்?
— வாசகர், கும்பகோணம்

அன்புள்ள வாசகருக்கு,

வாதம் எங்கும் போய்விடாது. முதலில் அம்மாவை இந்த வாரமே ஓர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பல் மருத்துவக் கல்லூரிக்கோ அழைத்துச் சென்று அந்தத் திட்டைக் காட்டுங்கள். வாயில் வந்த திட்டோ புண்ணோ இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால் காட்ட வேண்டும் என்பதுதான் விதி. உங்கள் அம்மாவின் திட்டு அந்தக் கெடுவை எப்போதோ தாண்டிவிட்டது. கூரான பல் முனை உரசினாலும் வெள்ளையாகும், பூஞ்சைத் தொற்றாலும் ஆகும். தேவைப்பட்டால் சிறு துணுக்கு எடுத்து பயாப்ஸி செய்து பார்ப்பார்கள். பார்க்காமல் இருப்பதுதான் ஆபத்து.

இனி உங்கள் வீட்டு வாக்குவாதத்துக்கு வருகிறேன். மாமாவும் தம்பியும் கேட்பவை அசட்டுக் கேள்விகள் அல்ல. நோய்களின் காரணத்தைத் தேடும் எங்கள் துறைக்காரர்கள் பல பத்தாண்டுகள் தங்களுக்குள் மோதிக்கொண்ட கேள்விகளே அவை. மாமா இதை 1985இல் சொல்லியிருந்தால், உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையே அவர் பக்கம் நின்றிருக்கும். பிரான்சின் லியோன் நகரிலிருக்கும் அந்த முகமை அந்த ஆண்டு வெளியிட்ட மதிப்பீட்டில், புகையிலை சேர்த்த வெற்றிலை புற்றுநோய் தரும் என்று உறுதியாகச் சொன்னது. புகையிலை சேர்க்காத வெற்றிலையைப் பற்றிச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று நிறுத்திக்கொண்டது. அதே முகமை 2003இல் மீண்டும் கூடி, புகையிலை இல்லாத தாம்பூலமும் மனிதருக்குப் புற்றுநோய் தரும், தனிப் பாக்கும் தரும் என்று தீர்ப்பை மாற்றியது. இடைப்பட்ட 18 ஆண்டுகளில் பாக்கு மாறவில்லை, சாட்சிகள் சேர்ந்தன. எப்படிச் சேர்ந்தன என்று சொன்னாலே உங்கள் கேள்விக்குப் பெரும்பகுதி பதில் வந்துவிடும்.

தொடக்கம் நம் பக்கம்தான். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூர் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அங்கே மிஷன் மருத்துவமனையில் பணியாற்றிய ஐ. எம். ஓர் என்ற மருத்துவர், வெற்றிலை போடுகிறவர்களிடம் காணும் வாய்ப்புற்றுநோயைப் பற்றி 1933இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் எழுதினார். 1959இல் அடையாறு புற்றுநோய் நிலையத்தின் டாக்டர் சாந்தாவும் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் வாய்ப்புற்றுநோயின் காரணங்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நம் நாட்டு ஆய்வுகள் எல்லாவற்றுக்கும் ஒரே முட்டுக்கட்டை: இங்கே நீண்ட காலம் வெற்றிலை போடுகிறவர்களில் பலர் புகையிலையும் சேர்த்தே போடுகிறவர்கள். இரண்டும் ஒரே வாயில் ஒரே நேரத்தில் மெல்லப்படும்போது எது செய்தது என்று எப்படிப் பிரிப்பது? மாமாவின் வாதம் நிற்பது இந்த இடத்தில்தான்.

பிரிக்க ஒரு வழி உண்டு. பழக்கம் தானாகவே பிரிந்து கிடக்கும் ஊரைத் தேட வேண்டும்.

தைவானில் பச்சைப் பாக்கைச் சுண்ணாம்போடு மெல்லுகிறார்கள். அதில் புகையிலை கலப்பதில்லை. ஆனாலும் அங்கே வாய்ப்புற்றுநோய் மிகுதி. தம்பி உடனே மடக்குவார்: அங்கே மெல்லுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள், அவர்களில் பலர் சிகரெட்டும் மதுவும் சேர்த்துக்கொள்பவர்கள் ஆயிற்றே? சரியான மடக்கு. 1995இல் வெளிவந்த தைவான் ஆய்வு ஒன்று, மூன்று பழக்கமும் உள்ளவர்களுக்கு எதுவுமே இல்லாதவர்களைவிட வாய்ப்புற்றுநோய் 123 மடங்கு அதிகம் என்று கணக்கிட்டது. அதிரவைக்கும் எண்தான். ஆனால் அதில் பாக்கின் பங்கு எவ்வளவு என்பதை இந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு சொல்ல முடியாது.

எனவே அடுத்த ஊர், கராச்சி. புகையிலை இல்லாமல் பான் போடுகிறவர்களைத் தனியே பிரித்து, சிகரெட், மது முதலியவற்றையும் கணக்கில் கழித்துப் பார்த்த ஆய்வு 2000ஆம் ஆண்டு வெளிவந்தது. எதுவும் போடாதவர்களைவிட இவர்களுக்கு வாய்ப்புற்றுநோய் வாய்ப்பு 9.9 மடங்கு. தம்பிக்குப் பிடித்த விவரம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: உண்மையான மதிப்பு 1.8 மடங்கிலிருந்து 55.6 மடங்கு வரை எங்கும் இருக்கலாம் என்பதே அந்த ஆய்வின் நம்பக எல்லை. புகையிலை இல்லாமல் மெல்லுகிறவர்கள் குறைவாகவே கிடைத்ததால் எல்லை இவ்வளவு அகன்றுவிட்டது. எத்தனை மடங்கு என்று அடித்துச் சொல்ல இந்த ஆய்வு போதாது. ஆனால் அதன் கீழ் எல்லைகூட ஒன்றுக்கு மேலே நிற்கிறது. அதை ஒதுக்கிவிடவும் முடியாது.

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கும் போகலாம். அந்நகரம் இருக்கும் நேட்டால் பகுதிக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர்களில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய தமிழர்கள் ஏராளம். அவர்கள் வழிவந்த குடும்பங்களில் பாக்கு மெல்லும் பழக்கம் முக்கியமாகப் பெண்களிடம் தங்கியது. புகையிலை சேர்ப்பது அங்கே பெருவழக்கு அல்ல. ஏறக்குறைய உங்கள் அம்மாவைப் போன்றவர்கள். 1993இல் வெளிவந்த தென்னாப்பிரிக்க ஆய்வு அவர்களிடமும் பாக்குக்கும் வாய்ப்புற்றுநோய்க்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது.

எனக்கு மிகவும் பிடித்த சாட்சி பப்புவா நியூ கினியிலிருந்து வருகிறது. அங்கே சுண்ணாம்பை வெற்றிலையில் தடவுவதில்லை. பாக்கை மென்றுகொண்டே, ஒரு குச்சியால் சுண்ணாம்புத் தூளைத் தொட்டு வாயின் ஓரத்தில் வைத்துக்கொள்வார்கள். 169 வாய்ப்புற்றுநோயாளிகளின் கட்டி எந்த இடத்தில் வந்தது என்று பார்த்து 1992இல் எழுதினார்கள். 77 சதவீதம் பேருக்கு அது வாயோரத்திலும் கன்னத்திலும், சரியாகச் சுண்ணாம்பு படும் இடத்தில் இருந்தது. அங்கேயும் புகைப்பவர்கள் உண்டு. ஆனால் புகை வாய் முழுவதும் பரவும், ஓரத்தில் மட்டும் தங்காது. எண்களைவிட இப்படிப்பட்ட இடப்பொருத்தம் என்னை அதிகம் அசைக்கும்.

இதே பொருத்தத்தை எங்கள் வாய்ப் பரிசோதனை முகாம்களிலும் தேடுவோம். வாயில் திட்டு எந்தப் பக்கம், வெற்றிலையை ஒதுக்குவது எந்தக் கன்னத்தில் என்று இரண்டையும் குறித்துக்கொள்வோம். பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்களிடம் நான் கறாராகச் சொல்வது ஒன்றுதான்: முதலில் வாயைப் பார்த்து எழுதி முடித்துவிடுங்கள், பிறகு எந்தப் பக்கம் ஒதுக்குவீர்கள் என்று கேளுங்கள். வரிசையை மாற்றினால், அந்தப் பாட்டி “இடது பக்கம்” என்று சொன்ன மறுகணமே நம் கண் இடது கன்னத்தில் இல்லாத வெண்மையை எல்லாம் கண்டுபிடித்துவிடும். இத்தொழிலில் பொய் சொல்லும் நோயாளியைவிட ஆவல் மிகுந்த ஆராய்ச்சியாளரால் வரும் கெடுதல் அதிகம்.

இனி தம்பியின் பெரிய கேள்வி. மக்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து ஒரு பாதிக்குப் பாக்குக் கொடுத்த சோதனை கிடையாது, இருக்கவும் கூடாது. சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும்கூட அப்படி ஒரு சோதனை நடந்ததில்லை. அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் சிகரெட்டு இன்றைக்கும் நிரபராதிதான். அந்தத் தொடர்பை நிலைநாட்டியவர்களில் ஒருவரான ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் 1965இல் லண்டனில் ஆற்றிய உரையில், சேர்ந்து காணப்படும் இரண்டில் ஒன்று காரணமா என்று எடைபோட ஒன்பது கோணங்களைச் சொன்னார். மருத்துவ மாணவர்கள் அவற்றைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் என்று கூட்டிப் பார்க்கிறார்கள். ஹில் கேட்டால் நொந்துபோவார். அவற்றில் எதுவும் ஐயத்துக்கு இடமில்லாத சான்றாகாது என்று அவரே சொல்லியிருக்கிறார். அவர் கேட்கச் சொன்னது வேறு: கண்ணுக்கு முன் இருக்கும் உண்மைகளை விளக்க இதைவிடப் பொருத்தமான வேறு விளக்கம் இருக்கிறதா?

நான் வேலை செய்வதும் அந்தக் கேள்வியை வைத்துத்தான். ஒரு பொருளைச் சந்தேகித்தால், முதல் வேலை அதற்குப் போட்டியான விளக்கங்களைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றையும் முறியடிக்க முயல்வது. புகையிலைதான் செய்தது என்பது ஒரு போட்டி விளக்கம். மேலே சொன்ன ஊர்கள் அதைக் கவனித்துக்கொண்டன. புற்றுநோய் வந்தவர் “என்ன செய்தோம்” என்று தோண்டித் தோண்டி நினைவுகூர்வார், நலமாக இருப்பவர் மறந்துவிடுவார் என்பது மற்றொன்று. ஐம்பது ஆண்டுகள் நாள்தோறும் போட்ட வெற்றிலையை யாரும் மறப்பதில்லை என்பதால் இங்கே அது பெரிதாக எடுபடாது. நோய்தான் பழக்கத்தைக் கொண்டுவந்தது என்பது மூன்றாவது. பல்வலிக்கு ஒரு துண்டுப் புகையிலையைக் கடைவாயில் ஒதுக்கிக்கொள்ளும் வழக்கம் நம் ஊர்களில் உண்டல்லவா? அந்த வலியே மறைந்திருக்கும் நோயால் வந்திருந்தால் காரணமும் விளைவும் இடம் மாறிவிடும். இதை மறுக்க, நோய் வருவதற்கு முன்பிருந்தே ஆட்களைப் பின்தொடர வேண்டும்.

இங்கேதான் வாய் இறுகும் நோய் உதவிக்கு வருகிறது. கன்னத்தின் உட்புறம் வெளிறி, நார்போல் இறுகி, காரம் பட்டால் எரிந்து, நாளடைவில் வாயைத் திறக்க முடியாமல் போகும் நோய் அது. 1952இல் கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்களிடம் கண்டு அதை விவரித்த மருத்துவர், காரணம் தெரியாத நோய் என்றே பெயரிட்டார். பிறகு நீண்ட காலம் பழி மிளகாய்மீது விழுந்தது. இந்தியர்கள் காரம் தின்பவர்கள், வாய் எரிகிறது, வேறென்ன வேண்டும்? ஆனால் மிளகாயின் தாயகமான மெக்சிகோவில் இந்த நோய் இல்லையே என்று கேட்டபோது அந்த விளக்கம் உதிர்ந்தது. காரம் தின்னும் ஊர் பாக்கு மெல்லாவிட்டால் நோய் இல்லை. நோய் கண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் பாக்கு மெல்லுகிறவர்கள். எர்ணாகுளம் மாவட்டத்தில் இந்நோய் உள்ள 66 பேரை 17 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். ஐந்து பேருக்கு வாய்ப்புற்றுநோய் வந்தது. முதலில் பாக்கு, பிறகு இறுக்கம், அதற்குப் பிறகு புற்று. ஹில் சொன்ன ஒன்பதில் விட்டுக்கொடுக்கவே முடியாதது ஒன்று உண்டென்றால் இந்த முன்பின் வரிசைதான்.

ஆய்வகமும் ஒத்துப்போகிறது. பாக்கிலுள்ள அரிகோலின் முதலான அல்கலாய்டுகள் என்ற தாவர வேதிப்பொருள்களிலிருந்து உருவாகும், புற்றுநோயோடு தொடர்புள்ள நைட்ரோசமைன்களை மெல்லுகிறவர்களின் உமிழ்நீரிலேயே கண்டிருக்கிறார்கள். பாக்கில் செம்பு அதிகம். அது நார்த்திசு இறுகுவதற்குத் துணைபோகிறது. சுண்ணாம்பின் காரத்தன்மை (மிளகாய்க் காரம் அல்ல, அமிலத்துக்கு எதிரான தன்மை) இந்த வேதிவினைகளைத் தூண்டுகிறது. விலங்குச் சோதனைகளில் பாக்கு கட்டிகளை உண்டாக்கியிருக்கிறது. இவற்றில் ஒன்றை மட்டும் தனியே எடுத்துக்கொண்டு வந்தால் நானே தள்ளிவிடுவேன். வெவ்வேறு குறைபாடுகள் கொண்ட ஆய்வுகள், வெவ்வேறு கண்டங்களில், ஒருவரையொருவர் பார்த்து எழுத வாய்ப்பில்லாத முறைகளில் ஒரே திசையைக் காட்டுவதுதான் இங்கே பேசுகிறது.

எல்லா நோயிலும் இப்படி அமைந்துவிடாது. இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் 1990களிலிருந்து விவசாயிகளைத் தாக்கும் சிறுநீரக நோயை எடுத்துக்கொள்ளுங்கள். கிணற்று நீரின் கடினத்தன்மை, ஃபுளோரைடு, வேளாண் இரசாயனங்கள், வெயிலில் உடல் வறண்டு உழைப்பது என்று சந்தேக நபர்கள் வரிசைகட்டி நிற்கிறார்கள். கிளைஃபோசேட்டு என்ற களைக்கொல்லிதான் காரணமாக இருக்கலாம் என்று 2014இல் ஒரு கட்டுரை முன்வைத்தது; அது ஒரு கருதுகோள்தான். மறு ஆண்டே அரசு அதைத் தடை செய்தது. 2018இல் தேயிலை, ரப்பர்த் தோட்டங்களுக்குத் தளர்த்தி, 2022இல் தடையையே விலக்கியது. அங்கே ஒரு சந்தேகத்தையும் மற்றொன்றிலிருந்து பிரித்தெடுக்கும் சாட்சி இன்னும் அமையவில்லை. ஒரு கிராமத்து விவசாயி கடின நீரும் குடிக்கிறார், மருந்தும் தெளிக்கிறார், வெயிலிலும் நிற்கிறார். பாக்கின் கதையில் தைவானும் டர்பனும் செய்த வேலையைச் செய்ய அங்கே ஊர் கிடைக்கவில்லை.

பாட்டிக்கு வருகிறேன். 92 வயது வரை வாழ்ந்தவரைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்தித்தான் பேச வேண்டும். கணக்குப் புரிவதற்காக மட்டும் ஓர் உதாரணம்: ஆயிரம் பேரில் இரண்டு பேருக்கு வரும் நோய், ஒரு பழக்கத்தால் பத்து மடங்காகிறது என்று வையுங்கள். இருபது பேருக்கு வரும். மீதி 980 பேர் நன்றாகத்தான் இருப்பார்கள். பாட்டி அந்த 980இல் ஒருவர். அவர் பொய்சாட்சி அல்ல, ஆனால் மற்ற இருபது பேரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அந்த இருபது பேரில் சீக்கிரம் போனவர்களைப் பற்றி எந்த வீட்டிலும் யாரும் உதாரணம் காட்டுவதும் இல்லை.

வாட்ஸ்அப் செய்தியில் ஓரளவு உண்மை உண்டு என்று சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். வெற்றிலைச் சாற்றுக்கு ஆய்வகத்திலும் விலங்குகளிலும் நல்ல குணங்கள் தென்பட்டிருக்கின்றன. சாற்றை உயிரணுக்கள்மீது ஊற்றிப் பார்ப்பதற்கும் மனிதருக்கு நோய் குணமாவதற்கும் வெகுதூரம். எனவே மருந்து என்று நம்பி ஏமாற வேண்டாம். ஆனால் இந்த வழக்கில் இலை குற்றவாளி அல்ல. அகப்பட்டிருப்பது பாக்கு, சுண்ணாம்பு உடந்தை. கும்பகோணத்துக்காரரான உங்களுக்கு இது கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

செய்தித்தாள்களில் அடிக்கடி குழப்பப்படும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முதலில் சொன்ன சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியானவற்றுக்கான ‘முதல் பிரிவில்’ பாக்கை வைத்திருக்கிறது. அதே பிரிவில் புகையிலையும் இருக்கிறது, 2015 முதல் பதப்படுத்திய இறைச்சியும் இருக்கிறது. உடனே மூன்றும் ஒரே அளவு ஆபத்து என்று எழுதிவிடுகிறார்கள். பிரிவு எண் ஆதாரத்தின் உறுதியைச் சொல்கிறது. ஆபத்தின் அளவைச் சொல்வதில்லை. பாக்கின் முக்கிய அல்கலாய்டான அரிகோலினைத் தனியாக மதிப்பிட்டபோது, புற்றுநோய் தரக்கூடும் என்ற கீழ்ப்பிரிவில்தான் வைத்தார்கள். முரண்பாடு போலத் தெரியும். மனிதர்கள் மெல்லுவது முழுப் பாக்கை; மனிதரைப் பற்றிய சாட்சி முழுப் பாக்குக்கே இருக்கிறது. தனி அரிகோலினுக்கு அப்படி இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகும், அம்மாவின் கன்னத்திலிருக்கும் அந்தத் திட்டு பாக்கால்தான் வந்தது என்று நான் எழுதித் தர மாட்டேன். ஆயிரக்கணக்கானோரைப் பற்றிச் சொல்லும் சான்று ஒருவரைப் பற்றி அப்படிச் சொல்லாது. ஆனால் பாக்கை நிறுத்துங்கள் என்று சொல்ல அந்தச் சான்று தாராளமாகப் போதும். நிறுத்துவதால் இழப்பு ஒரு பழக்கம்; நிறுத்தாமல் இருந்து நாம் நினைத்தது சரியாகிவிட்டால் இழப்பு என்ன என்று தம்பியே கணக்குப் போடட்டும்.

அம்மாவைத் திட்டி நிறுத்தவைக்க முடியாது. பாக்குக்கு அடிமைப்படுத்தும் தன்மை உண்டு. விட்ட முதல் சில நாட்கள் தலைவலியும் எரிச்சலும் வரலாம். சாப்பிட்டு எழுந்ததும் கை தானாக வெற்றிலைச் செல்லத்தைத் தேடும். அந்த நேரத்துக்கு ஏலக்காயோ சோம்போ கொடுங்கள். பாக்கும் சுண்ணாம்பும் இல்லாத வெறும் கொழுந்து வெற்றிலையைக் கேட்டால், திட்டைப் பார்த்த மருத்துவர் சரி என்றால், எனக்கு ஆட்சேபம் இல்லை. சீவல், வாசனைப் பாக்கு, பொட்டலப் பாக்கு எல்லாமே பாக்குதான்; ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு மாறுவது விட்டதாகாது.

மாதம் ஒருமுறை பகல் வெளிச்சத்தில் வாயைப் பாருங்கள். பல் செட் இருந்தால் கழற்றிவிட்டு, இரு கன்னங்களின் உட்புறம், நாக்கின் பக்கவாட்டு, நாக்கின் அடி, கீழ் ஈறுக்கும் உதட்டுக்கும் இடையிலுள்ள பள்ளம். அம்மாவின் விரல்களிலேயே மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முன்பற்களுக்கு இடையே நுழைக்க முடிகிறதா என்றும் பாருங்கள். முடியாவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள். வெள்ளைத் திட்டில் சிவப்புக் கலந்தாலோ, தடித்தாலோ, இரத்தம் கசிந்தாலோ மாத முடிவுக்குக் காத்திருக்கக் கூடாது.

பயாப்ஸி செய்தால் அறிக்கையில் ‘டிஸ்பிளேசியா’ என்ற சொல் இருக்கிறதா என்று கேளுங்கள். உயிரணுக்கள் ஒழுங்கு மாறத் தொடங்கியிருக்கின்றன என்று பொருள். புற்றுநோய் என்று பொருள் அல்ல. இருந்தால் என்ன தரம், திட்டை அகற்ற வேண்டுமா, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வர வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இல்லை என்று வந்தாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டுங்கள். மாமா புகையிலை போடுகிறவரா என்று நீங்கள் எழுதவில்லை. போடுகிறவரென்றால் அவரையும் அதே நாளில் அழைத்துப் போங்கள்.